பன்னிரண்டு மப்ளரும் ஒரே நிறம்

அப்பு,

அந்தச் சாக்கைப் பிரித்துவிட்டார்களா இல்லையா, முதலில் அதைச் சொல். நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம் இருக்கட்டும். கார்த்திகைக்கு நீ சிலமலைக்கு வந்தபோது, எங்களோடு ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்கு வருகிற பெண்களிடமெல்லாம் பழைய மப்ளரை வாங்கி, உரச்சாக்கில் திணித்துக் கட்டிப் பெங்களூருக்குக் கொண்டுபோனாயே, அந்தச் சாக்கைத்தான் கேட்கிறேன். அதற்குள் பச்சையில் கட்டம் போட்டது ஒன்று இருக்கும். ஒரு ஓரம் பிரிந்துபோய்க் கறுப்பு நூலால் தைத்திருக்கும். அது என்னோடு காய் எடுக்கிற மயிலுடையது. உங்கள் ஆட்கள் அதை மெஷினில் போட்டு நார் நாராகக் கிழிப்பதற்கு முன்னால் தேடி எடுத்து அனுப்பி வை. கிழித்துவிட்டார்கள் என்றால் அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடு. நான் வேறு வழி யோசிக்க வேண்டும்.

நீ கேட்டது நாலு வரி. குளிர்காலத்துக்கு மப்ளர் வாங்குகிறவர்கள், ஒருத்தருக்கும் கெடுதல் செய்யாத, மண்ணையும் தண்ணீரையும் கெடுக்காத மப்ளராகப் பார்த்து வாங்குவது எப்படி என்று உங்கள் துணிக்கடையின் இன்டர்நெட் பக்கத்தில் எழுதப் போகிறீர்களாம். "மலையில குளிர்ல வேல செய்றவுக நீங்க. நீங்க சொன்னா நல்லாருக்கும்மா, நாலு வரி போதும்" என்றாய். சரி என்று மயிலைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்தேன். "மீட்டிங்ல இருக்கேம்மா, அப்பறமா கூப்பிடுறேன்" என்று வைத்துவிட்டாய். அடுத்த நாளும் அதே. அதற்கடுத்த நாளும் அதே. அதனால் எழுத்திலேயே வாங்கிக்கொள். எழுத்தைப் பாதியில் அணைக்க முடியாது. உங்கள் பக்கத்தில் போடுவதானால் முழுசாகப் போடு. நாலு வரியை மட்டும் வெட்டி எடுத்து, பக்கத்தில் என் படத்தையும் ஒட்டினால் எனக்குக் கெட்ட கோபம் வரும். பெயர் வேண்டாம். ஒரு தாய் சொன்னது என்று போட்டால் போதும்.

சொல்வது நான், எழுதுவது உன் தங்கச்சி. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, ஜீப்பு கிடையாது. நான் பேசுகிற மாதிரியே எழுதினால் உன்னோடு வேலை செய்கிறவர்கள் சிரிப்பார்களாம், அதனால் புத்தகத்தில் வருகிற மாதிரி மாற்றித்தான் எழுதுவேன் என்று சொல்லிவிட்டாள். அவள் பிடிவாதம் பிடித்து நான் பார்த்தது இந்த ஒன்றுக்குத்தான். உன் கூச்சத்தையும் சேர்த்து அவளே வாங்கிக்கொண்டு பிறந்துவிட்டாள் போலிருக்கிறது. நாலு பேர் நிற்கிற இடத்தில் தண்ணீர் கேட்கக்கூட வாய் வராது அவளுக்கு. நீயோ ஊரைக் கூட்டி வைத்துப் பேசுகிறாய்.

உன் கடைப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு எங்கள் ஜீப்பைத் தெரியாது. உனக்கே மறந்துவிட்டதோ என்றும் சந்தேகமாக இருக்கிறது, அதனால் சொல்கிறேன். ஜீப்பு முதல் நாள் சாயங்காலமே தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிடும். விடியற்காலையில் எழுந்ததும், பல் விளக்குவதற்கும் முன்னால், ஒருத்தி செய்கிற முதல் சோலி தன் மப்ளரைக் கொண்டுபோய் ஜீப்பு சீட்டில் போட்டுவிட்டு வருவதுதான். அதற்குப் பிறகு அவள் வீட்டுக்கு வந்து சோறு வடித்து, தூக்குச்சட்டியில் அடைத்து, சாவகாசமாகத் திரும்பிப் போகலாம். அந்த இடம் அவளுக்காகக் காத்திருக்கும். சீட்டு பத்து. வருகிறவர்கள் பன்னிரண்டு பேர். முன்பெல்லாம் மடியில் ஒருத்தி, படியில் ஒருத்தி என்று அடைத்துக்கொண்டு போவோம். இப்போது மேலே செக்போஸ்ட்டில் ஆள் எண்ணிப் பார்க்கிறார்கள். இடம் கிடைக்காத இரண்டு பேருக்கு அன்றைக்கு வேலை இல்லை. அப்படி இருந்தும் இத்தனை வருஷத்தில் இடத்துக்காக ஒரு சண்டை வந்ததில்லை. ஒருத்தியின் மப்ளர் கிடக்கிற இடத்தில் இன்னொருத்தி உட்கார மாட்டாள். யாரும் எழுதி வைத்த சட்டமில்லை அது. எங்களைப் பெயர் சொல்லிக்கூட யாரும் கூப்பிடுவதில்லை. "பச்சக்கட்டம் வந்துருச்சா? ரோஸ்பூவுக்கு இன்னிக்கு மேலுக்குச் சொகமில்லையாம்ல?" என்றுதான் டிரைவர் ஆள் பார்ப்பான். நான் குங்குமக்கலர். மயில் பச்சைக்கட்டம். இப்போது நாங்கள் எல்லாரும் என்ன கலர் தெரியுமா? ஒரு கலரும் இல்லை.

உன் மேல் எரிச்சலாக இருந்தாலும் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். பழைய மப்ளரைப் பற்றி நீ சொன்னதில் பொய்யில்லை. "அதெல்லாம் நூலு இல்லம்மா, பிளாஸ்டிக்கு. தொவைக்கிறப்ப பிசிறு பிசிறா தண்ணியில போயிரும். மண்ணுல போட்டாலும் மக்காது" என்றாய். நானே கண்டவள்தான். தோட்டத்து ஓடையில் நாங்கள் துவைக்கிற கல்லில் ரோஸும் நீலமுமாகப் பிசிறு ஒட்டிக் கிடக்கும். ஏதோ பூச்சிக் கூடு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீ சொன்ன பிறகுதான் அது எங்கள் கழுத்திலிருந்து போனது என்று புரிந்தது. இன்னொன்றும் உண்டு, உன்னிடம் சொன்னதில்லை. குங்குமக்கலருக்கு முன்னால் நான் வைத்திருந்த மப்ளர் கிழிந்ததும், அதைத் துண்டாக வெட்டி அடுப்படியில் கரித்துணியாக வைத்தேன். உலைப்பானையை இறக்கும்போது அது சூட்டில் உருகி உள்ளங்கையில் அப்பிக்கொண்டது. கையில் கிடக்கும் தழும்பு அதுதான். நீ சின்னப் பையனாக இருந்தபோது கேட்டதற்கு, கொதித்த எண்ணெய் தெறித்தது என்று சொல்லிவிட்டேன். துணி உருகும் என்று தெரியாமல் போயிற்றே என்ற வெட்கம்.

ஆகவே நீ கொண்டுவந்த புது மப்ளர் கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. தொட்டதும் பஞ்சு போல இருந்தது. ஆட்டு முடியும் பருத்தியும் கலந்தது, ஆட்டை நோகடிக்காமல் முடி எடுத்தது, தறியில் நெய்தவர்களுக்கு நியாயமான கூலி கொடுத்தது, சாயத்தண்ணீர் ஆற்றில் கலக்கக் கூடாது என்பதற்காகச் சாயமே போடாதது என்று தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று அரை மணி நேரம் பேசினாய். பெண்கள் எல்லாரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். மயில்தான் முதலில் துணியை விரித்துப் பார்த்துவிட்டு, "ஏப்பு, இது வெள்ளையா சந்தனமா? இதத் தலையில போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போனா எம்புருசன் தன்னையே தொட்டுப் பாத்துக்கிருவாரு, உசுரோட இருக்கமா இல்லையான்னு" என்றாள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அது கேலி மட்டும் இல்லை அப்பு. அதற்குள் ஒரு கேள்வி இருந்தது. நீ அதை எடுத்துக்கொள்ளவில்லை. "இயற்கையான நெறம் அத்தே" என்று சொல்லிவிட்டு, சாக்கின் வாயை விரித்துப் பிடித்தாய். பழசைக் கொடுத்தால்தான் புதுசு என்றாய். அப்போதாவது நான் குறுக்கே வந்து, பழசு அவரவரிடமே இருக்கட்டும், புதுசு தோதுப்படுகிறதா என்று ஒரு வாரம் பார்க்கட்டும் என்று சொல்லியிருக்க வேண்டும். பெருமையில் பேசாமல் நின்றேன். என் குங்குமக்கலரைத்தான் முதல் ஆளாகச் சாக்கில் போட்டேன். நான் போட்டதால்தான் மற்றவர்களும் போட்டார்கள்.

திங்கட்கிழமை விடிந்தது. ஜீப்பு சீட்டில் வரிசையாக அதே மப்ளர். எது எவளுடையது என்று பெற்றெடுத்த ஆட்டுக்கே தெரியாது. டிரைவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "என்னக்கா, ஆஸ்பத்திரி வார்டு மாதிரி விரிச்சு வச்சிருக்கீக?" என்றான். அன்றைக்கு எப்படியோ சமாளித்தோம். நான் இங்கே போட்டேன், நீ அங்கே போட்டாய் என்று நினைவிலிருந்து சொல்லி உட்கார்ந்தோம். செவ்வாய்க்கிழமை இரண்டு பேருக்கு முகம் சுருங்கிற்று. புதன்கிழமைதான் அந்த வினை நடந்தது.

டிரைவருக்குப் பின்னால் இருக்கிற மூலைதான் எனக்கு எப்போதும். முழங்கால் நீட்ட அங்கேதான் தோதுப்படும், இன்ஜின் சூடும் கொஞ்சம் வரும். மலையேறுகிற ஜீப்பில் பனிக்காற்று எப்படி அறையும் என்று உனக்குத் தெரியும். அன்றைக்கும் வழக்கம்போல உன் தங்கச்சியிடம்தான் என் மப்ளரைக் கொடுத்தனுப்பினேன். திரும்பி வந்தவளிடம், "போட்டியாத்தா?" என்று கேட்டேன். தலையை ஆட்டினாள். நான் தூக்குச்சட்டியோடு போனேன். மூலையில் மப்ளர் கிடந்தது. எடுத்துத் தலையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். (இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டாள். என்னடி என்றால் பேனா எழுதவில்லையாம். உதறிவிட்டு எழுது என்றேன்.) கொஞ்ச நேரத்தில் மயில் ஓடி வந்தாள்.

"மதினி, எந்திரிங்க. அது எந்துண்டு" என்றாள்.

"உந்துண்டுன்னு அதுல எழுதியிருக்காக்கும்?" என்றேன். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தேன்.

"எழுதியிருந்தா மட்டும் படிச்சிருவீகளோ?"

ஜீப்பில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். எனக்குப் படிக்கத் தெரியாது என்பது ஊருக்கே தெரிந்ததுதான். ஆனால் மயிலுக்கும் படிக்கத் தெரியாதே! அவள் சொல்லி மற்றவர்கள் சிரித்ததும் எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "எம்மகன் குடுத்த துண்டு. எம்மகன் குடுத்ததுல எனக்கில்லாத பாத்தியதையா உனக்கு? ஓசியில வாங்குனவளுக்கு வாயப் பாரு" என்று சொல்லிவிட்டேன். சொன்னேன் அப்பு. இதை மாற்றி எழுதாதே, அப்படியே எழுது என்று உன் தங்கச்சியிடமும் சொல்லியிருக்கிறேன்.

மயில் ஜீப்புக்குள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள், யாராவது அவள் பக்கம் ஒரு வார்த்தை பேசுவார்களா என்று. யார் பேச முடியும்? எல்லாம் ஒரே துணி. டிரைவர், "ஆளு சரியாயிருச்சுக்கா. மேல நிப்பாட்டிப்புடுவாக, ஒருத்தருக்காகப் பத்துப் பேரு சோலி கெட்டுரும்" என்று வண்டியை எடுத்துவிட்டான். அவள் தலையில் ஒன்றுமில்லாமல், தூக்குச்சட்டியோடு தொட்டிக்குப் பக்கத்தில் நின்றாள். கிளம்பும்போது ஒன்றே ஒன்று சொன்னாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. "எம்பச்சக்கட்டம் கெடந்திருந்தா எவளும் அதுமேல உக்காந்திருப்பாளா?"

அன்றிலிருந்து மயில் ஜீப்புக்கு வருவதில்லை. கீழே தக்காளித் தோட்டத்துக்கும் வெங்காயக் காட்டுக்கும் போகிறாள். அங்கே ஒரு நாள் கூப்பிடுவார்கள், இரண்டு நாள் கூப்பிட மாட்டார்கள். ஏலக்காய் எடுப்பு நடக்கிற இந்த மாதங்களை விட்டால் அவளுக்கு வருஷத்தில் வேறு என்ன இருக்கிறது? குழாயடியில் என்னைப் பார்த்தால் குடத்தை எடுத்துக்கொண்டு அடுத்த குழாய்க்குப் போய்விடுகிறாள். இருபது வருஷமாக ஒரே நிரையில் நின்று காய் எடுத்தவர்கள் நாங்கள். அவள் தூக்குச்சட்டியில் என்ன குழம்பு என்று மூடியைத் திறக்காமலே எனக்குத் தெரியும். இப்போது என்னிடம் யாராவது, "எங்க, ஒங்க சோடியக் காணோம்?" என்று கேட்டால், என் மகன் நல்ல மப்ளர் கொடுத்தான், அதில் தொலைந்துபோனாள் என்றா சொல்வேன்?

உனக்கு ஒன்று நினைவுபடுத்துகிறேன். நீ ஆறாம் வகுப்பு படிக்கும்போது, லீவில் தோட்டத்தைப் பார்க்க வேண்டும் என்று அழுது ஜீப்பில் ஏறி வந்தாய். மத்தியானம் பிடித்த மழை விடவில்லை. திரும்பி வரும்போது உன் பல் கிடுகிடுவென்று அடித்தது. நான் என் மப்ளரைச் சுற்றினேன், அது ஏற்கெனவே நனைந்துபோனது. மயில்தான் தன் தூக்குச்சட்டிப் பையின் அடியில் நனையாமல் வைத்திருந்த மப்ளரை எடுத்து உன் தலையிலும் மார்பிலும் சுற்றிக் கட்டினாள். அப்போதுதான் புதுசாகப் போடிச் சந்தையில் வாங்கியிருந்தாள். கீழே வந்து சேருகிற வரைக்கும் அவள் தலையில் ஒன்றுமில்லை. நீ வளைவில் வாந்தி எடுத்ததும் அந்த மப்ளரில்தான். மறுநாள் துவைத்துக் கொடுக்கப் போனேன். "பிள்ள வாந்திதான மதினி, என்ன பெரிய அழுக்கு?" என்று என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். பச்சையில் கட்டம் போட்ட மப்ளர். அதைத்தான் நீ பிளாஸ்டிக் என்று சாக்கில் போட்டாய். ஓரம் பிரிந்தால் தைத்து, பிரிந்தால் தைத்து, இத்தனை வருஷம் உழைத்த துணி அது. நீடித்து உழைப்பதுதான் நல்ல மப்ளருக்கு அழகு என்று நீயே ஒரு காகிதத்தில் அச்சடித்துக் கொடுத்தாயே. உன் தங்கச்சி எனக்குப் படித்துக் காட்டினாள்.

எனக்கு எது எரிச்சல் என்று இப்போது சொல்கிறேன். ஆட்டுக்கு வலிக்கிறதா என்று பார்த்திருக்கிறீர்கள். நெய்தவருக்கு வயிறு நிறைந்ததா என்று பார்த்திருக்கிறீர்கள். ஆற்றையும் மண்ணையும் பார்த்திருக்கிறீர்கள். இதெல்லாம் செய்கிறவர்கள் நல்லவர்களாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அதைக் கழுத்தில் போடப் போகிறவளிடம், "அத்தே, ஒங்களுக்கு என்ன கலர் வேணும்? இத வச்சு நீங்க என்னென்ன செய்வீக?" என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லையே? கேட்டிருந்தால் சொல்லியிருப்போம். குளிருக்கு மட்டும் இல்லை அப்பு, அதில்தான் இடம் பிடிக்கிறோம், மத்தியானம் அதை விரித்துத்தான் உட்கார்ந்து சாப்பிடுகிறோம், அட்டை கடித்த காலைத் துடைக்கிறோம், மழையில் தலைக்குப் போடுகிறோம். ஆட்டு முடி கலந்தது நனைந்தால் கனக்கிறது. மார்கழி வெயிலில் மறுநாளைக்குள் காய்வதில்லை. புதரில் ஒட்டுப்புல் பட்டால் நம்மோடு வீடு வரைக்கும் வந்துவிடுகிறது, உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டியிருக்கிறது. கெட்டியான பருத்தியில் நெய்து, கரையில் மட்டும் ஆளுக்கு ஒரு நிறம் போட்டிருந்தால் போதுமே. ஆற்றைக் கெடுக்காத சாயம் ஒன்றுகூடவா இந்த உலகத்தில் இல்லை?

உன்னை மட்டும் சொல்லிப் பயனில்லை. கேட்காமல் செய்கிற வியாதி உனக்கு என்னிடமிருந்துதான் வந்தது. இதை எழுத மாட்டேன் என்கிறாள். எழுது என்றேன். நீ பெங்களூருக்கு வேலைக்குப் போன வருஷம் எனக்கு முழங்கால் வீங்கிற்று. ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் மலையேறக் கூடாது என்றார்கள். ஜீப்பில் என் இடம் போய்விடக் கூடாதே என்று, பத்தாவது படித்துக்கொண்டிருந்த இவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி, என் குங்குமக்கலரைக் கழுத்தில் சுற்றி அனுப்பி வைத்தேன். ஒரு மாதத்துக்குத்தான் என்றேன். பிறகு நானும் போனேன், அவளும் வந்தாள், இரண்டு இடமாகிவிட்டது. நீ மேலே என்ன படிக்க வேண்டும் என்று உன்னிடம் பத்து முறை கேட்டோம். போடியில் ஒரு காலேஜ், மதுரையில் ஒரு காலேஜ் என்று ஏறி இறங்கினோம். இவளிடம் ஒரு முறை, போகிறாயா, நின்றுகொள்கிறாயா என்று நான் கேட்கவில்லை. வாய் திறக்காத பிள்ளை, அதனால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அவள் பள்ளிக்கூடப் பை இன்னமும் ஆணியில் தொங்குகிறது. எனக்கு அதைத் தொடுவதற்குக் கை வருவதில்லை. ஆகையால், உனக்குப் புத்தி சொல்லத் தகுதி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு சொல்லவில்லை. அதே தப்பைச் செய்தவள், நீயும் செய்வதைப் பார்த்து எரிச்சல்பட்டுச் சொல்கிறேன்.

உன் கடைப் பக்கத்துக்கு என்ன எழுதுவது என்று கேட்டாயே, இதை எழுது. மப்ளர் வாங்கப் போகிறவர்கள் முதலில் வீட்டில் ஏற்கெனவே இருப்பதை எடுத்துப் பார்க்கட்டும். ஓரம்தான் பிரிந்திருக்கிறது என்றால் ஊசி நூல் எடுத்துத் தைக்கட்டும். பிளாஸ்டிக் துணியாகவே இருந்தாலும் சரி, வாங்கிவிட்டோம், அது கிழிகிற வரைக்கும் போடட்டும். அடிக்கடி துவைக்காமல் உதறிக் காயப்போட்டால் பிசிறும் அவ்வளவு போகாது. புதுசு வேண்டுமென்றால் யார் நெய்தது, எதில் நெய்தது என்று கேட்கட்டும், நல்ல காரியம்தான். ஆனால் இன்னொருத்தருக்கு வாங்கிக் கொடுக்கிறார்கள் என்றால் அந்த இன்னொருத்தரிடம் கேட்டுவிட்டு வாங்கட்டும். நல்லது செய்கிறோம் என்ற அவசரத்தில் அவர்கள் கழுத்தில் கிடப்பதை உருவிக்கொண்டு போகாமல் இருக்கட்டும். நாலு வரிக்கு மேல் போய்விட்டது. குறைக்காதே.

புதன்கிழமை மூலையில் கிடந்தது என் மப்ளர்தான். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். உன் தங்கச்சி கையால் போட்டது. மயில் போட்டதைக் காற்று அடித்துக்கொண்டு போயிருக்கும், இல்லை வேறு எவளாவது தனது என்று எடுத்திருப்பாள். ஒரே நிறத்தில் இருந்தால் யார் கண்டது? ஆனால் என் மப்ளர் என்பதற்காக அந்த வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டாம். அதை எப்படித் திருப்பி எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. மன்னித்துக்கொள் என்று மயிலிடம் போய் நின்றால், "எதுக்கு மதினி?" என்று கேட்டு என்னைக் கொன்றுவிடுவாள். அதனால் நான் யோசித்து வைத்திருப்பது இதுதான். நீ பச்சைக்கட்டத்தை அனுப்பு. வந்து சேர்ந்த மறுநாள் காலையில் நானே அதைக் கொண்டுபோய், டிரைவருக்குப் பின்னால் இருக்கிற என் மூலையில் போட்டுவிட்டு வருவேன். அதன் மேல் எவளும் உட்கார மாட்டாள். "ஒந்துண்டு ஜீப்புல கெடக்கு, சும்மா விட்டா நனைஞ்சுபோகும்" என்று மட்டும் யாரையாவது விட்டு மயிலுக்குச் சொல்லச் சொல்வேன். அவள் வருவாள். எனக்கு வேறு இடம் கிடைத்தால் உட்காருவேன். கிடைக்காவிட்டால் முழங்காலுக்கு ஒரு நாள் ஓய்வு.

சாக்கை இன்றைக்கே பார். மீட்டிங் இருந்தாலும் பார்.

குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. நான் போய்ப் பிடித்துக்கொண்டு வருகிறேன். வந்ததும் முதலிலிருந்து கடைசிவரை ஒரு தரம் படித்துக் காட்டச் சொல்லியிருக்கிறேன், அதற்குப் பிறகுதான் உனக்குப் படம் பிடித்து அனுப்புவாள்.

அண்ணே, இனி எழுதுவது நான். அம்மா குழாயடியில் இருக்கிறாள்.

புதன்கிழமை நான் அம்மாவின் மப்ளரைப் போடவில்லை. நான் போனபோது ஜீப்பைச் சுற்றி எல்லாரும் நின்று, உன் மப்ளரைப் பற்றிச் சத்தமாகப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். விலகச் சொல்லி உள்ளே நுழைய எனக்கு வரவில்லை. பின்பக்கம் கைக்கு எட்டிய இடத்தில் என்னுடையதைப் போட்டேன். மூலை காலியாக இருக்கவும் மயில் அத்தை தன்னுடையதை அங்கே போட்டதைப் பார்த்தேன். அம்மாவுடையதைத் தூக்குச்சட்டிப் பையில் வைத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். அம்மா கேட்டதும் ஏன் தலையை ஆட்டினேன் என்று எனக்குத் தெரியவில்லை. சண்டை நடந்தபோது அந்தப் பை என் மடியில்தான் இருந்தது. மயில் அத்தை எல்லார் முகத்தையும் பார்த்தார் என்று அம்மா சொன்னாள். என் முகத்தில்தான் அவர் பார்வை கொஞ்சம் கூடுதலாக நின்றது. நான் வெளியே பார்த்தேன்.

அந்த மப்ளர் என் பள்ளிக்கூடப் பைக்குள் இருக்கிறது. அதை அம்மா திறக்க மாட்டாள் என்று தெரிந்துதான் அங்கே வைத்தேன். அம்மா தினமும் தலையில் சுற்றிக்கொண்டு போவது மயில் அத்தையுடையது.

பச்சைக்கட்டத்தைத் தேடு அண்ணே. ஆனால் அது வருகிற வரைக்கும் காத்திருக்க முடியாது. நாளைக்கு ஜீப்பு கிளம்புவதற்கு முன்னால் நான் மயில் அத்தை வீட்டுக்குப் போக வேண்டும். பிறகு ஜீப்பில் எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் அம்மாவிடம்.

பேசத்தான் எனக்கு வராது. எழுதியதைப் படிக்க வரும். குடத்தோடு அம்மா வருகிற சத்தம் கேட்கிறது. இதையும் சேர்த்துத்தான் படிக்கப் போகிறேன்.